குளிரை அடைக்கப் போய் ஈரத்தைக் குடிவைக்காதீர்கள்

போன நவம்பரில் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு லயத்து வீட்டுக்குக் கதவு சரிபார்க்கப் போயிருந்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து புதிதாக மலையேறி வந்த குடும்பம். வீட்டுக்காரத் தம்பி நாற்காலிமேல் நின்று, ஜன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார். தக்காளியும் சாலட் கீரையும் அனுப்புகிற வெள்ளை நுரைப்பெட்டி இருக்கிறதே, அதன் மூடியைக் கத்தியால் அளவாக அறுத்து, துளைக்குள் திணித்து, சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார். வேலை படுசுத்தம்.

"எப்படி அங்கிள்? ஒரு காசு செலவில்லை" என்று சிரித்தார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 1999இல் நானும் இப்படித்தான் நாற்காலிமேல் நின்றேன். என் கையில் இருந்தது பழைய துணியும் நாளிதழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கேமரன் மலையில் தச்சு வேலை, தகர வேலை, சில்லறை ரிப்பேர் என்று காலம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிந்த கையோடு கீழேயிருந்து யாராவது குடிவருகிறார்கள், நான் செய்ததையே செய்கிறார்கள். சாக்ஸ் போடுங்கள், சுடுதண்ணீரில் குளியுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது குழந்தைக்கும் தெரியும். பணத்தைத் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மழை மாதத்தைக் குளிர் மாதம் என்று நினைப்பது

அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும்போது உடம்பு நடுங்கும். உடனே கையிலிருக்கும் காசையெல்லாம் போட்டுக் கம்பளியும் ஜாக்கெட்டும் வாங்கிவிடுகிறார்கள். உண்மையான குளிர் அதற்கப்புறம்தான் வருகிறது. ஜனவரி, பிப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். இந்த மலையிலேயே தானா ராத்தாவில் 7.8 டிகிரி பதிவானது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை அதுதான். நம் கணக்கில் அது தை மாதம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? நவம்பரில் கூரையையும் சுவரையும் பாருங்கள். துணிமணிக்கு டிசம்பர் கடைசிவரை நேரம் இருக்கிறது.

மின்சார ஹீட்டர்

2,000 வாட் ஹீட்டரை இரவில் ஆறு மணி நேரம் ஓட்டினால் 12 யூனிட். மாதத்துக்கு 360. ஏற்கெனவே 200 யூனிட் ஓடுகிற வீடு என்றால், 2014 முதல் 2025 நடுப்பகுதி வரை இருந்த கட்டணத்தில் ஹீட்டருக்கு மட்டும் 167 வெள்ளி (ரிங்கிட்) ஆகியிருக்கும். இப்போது கணக்குப் போடும் முறை மாறிவிட்டது, ஆனால் 360 யூனிட் 360 யூனிட்தான். பலகை இடுக்கு வழியாகச் சூடு முழுக்க வெளியே போகிற வீட்டில் அதை ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

காற்றுத் துளையை அடைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருகிற தவறு. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். முதல் வருஷம் நவம்பரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பின்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பாதி சுவர் சிமெண்ட், பாதி பலகை, மேலே தகரம். துளை, இடுக்கு ஒன்று விடாமல் அடைத்தேன். முதல் வாரம் கதகதப்பாகத்தான் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது வாரம் காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. நான்காவது வாரம் மூலையில் மிளகுப்பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஈரத்துணியால் துடைத்தேன், புள்ளிகள் பக்கத்துச் சுவருக்கும் பரவின. மேலே பெயிண்ட் அடித்தேன். மூன்றே வாரத்தில் புதுப் பெயிண்ட்மேலேயே பூசணம் பூத்தது. புத்தி வரவில்லை, இன்னொரு தடவையும் அடித்தேன்.

பொங்கலுக்கு முன்னால் வீடு கழுவ மெத்தையைத் தூக்கினோம். சுவரோரம் இருந்த பக்கம் அடியில் கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. ஒட்டுப்பலகை அலமாரியின் முதுகு உப்பி, கதவு மூடவில்லை. உள்ளே மனைவியின் கூறைப்புடவையில் மஞ்சளாகப் புள்ளிகள். சின்னவனுக்கு டிசம்பர் முழுக்க இருமல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மிச்சமிருந்த இடுக்கையும் அடைத்தேனே, என்னை என்ன செய்வது?

மெத்தை 420 வெள்ளி, அலமாரி 350, பெயிண்ட் இரண்டு தடவைக்கு 160. மொத்தம் 930. அப்போது மாதம் முழுக்க வேலை கிடைத்தாலும் எனக்கு அவ்வளவு வராது. கூறைப்புடவைக்கு விலை போடவில்லை. என் மனைவி இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டில் கொழுந்து கிள்ளி ஓய்ந்த ஒரு பாட்டி இருந்தார். உள்ளே வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "ஏன்டாப்பா, இந்த வீட்டுல குடியிருக்கிறது நீங்களா, தவளையா?" என்றார். கரண்டிக் காம்பால் ஒரு துளையிலிருந்த துணியைக் குத்தி வெளியே தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) டம்ளருக்கு வெளியே வியர்க்கிறது அல்லவா? அந்தத் தண்ணீர் டம்ளருக்குள் இருந்து வரவில்லை, சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வருகிறது. நம் வீட்டுச் சுவரும் அந்த டம்ளர் மாதிரிதான். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீரைத் தாங்கும், 15 டிகிரியில் சுமார் 13 கிராம்தான். சில்லிட்ட சுவரைத் தொட்ட காற்று, தாங்க முடியாததைச் சுவரிலேயே விட்டுவிடும். நான்கு பேர் தூங்குகிற வீட்டில் மூச்சிலும் வியர்வையிலும் மட்டுமே ஓர் இரவில் ஒரு லிட்டருக்கு மேல் சேரும். அதோடு கேஸ் அடுப்பு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) ஒன்று தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை வீட்டுக் காற்றில் விட்டுவிடுகிறது. மழை என்று துணியையும் உள்ளேயே காயப்போட்டால், சரி, முடிந்தது கதை.

பிறகு எதைத்தான் அடைப்பது? கீழே அடையுங்கள், மேலே விடுங்கள். காலைக் கடிக்கிற காற்று கதவடியிலும் தரையோரப் பலகை இடுக்கிலும்தான் வருகிறது. பழைய சிலுவாரின் (காற்சட்டையின்) ஒரு காலை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு முனையும் தைத்துக் கதவடியில் போடுங்கள். பலகை இடுக்குக்கு மெல்லிய ரீப்பர் கட்டை அடித்தால் போதும். உச்சியில் இருக்கும் துளையைத் தொடாதீர்கள், ஈரம் போகிற வழி அது. படுக்கைக்கு நேரே காற்று விழுந்தால் படுக்கையை நகர்த்துங்கள். அலமாரியும் கட்டிலும் வெளிச்சுவரை விட்டு நான்கு விரல் தள்ளியிருக்கட்டும்.

வெளியே மூடுபனியாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதானே வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வராது. 15 டிகிரி மூடுபனிக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறினால், அது தாங்கக்கூடியதில் முக்கால் பங்குதான் நிரம்பியிருக்கும். இன்னும் கால் பங்கு ஈரத்தை நம் வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு கால்மணி நேரம், சமைத்து முடித்ததும் ஒரு கால்மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சமைக்கும்போது சமையலறைக் கதவு மூடியிருக்க வேண்டும், அதன் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பூசணம் வந்துவிட்டதா? சிமெண்ட் சுவரென்றால் தண்ணீர் கலந்த குளோரோக்ஸ் (ப்ளீச்) வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பெயிண்டைப் பற்றி யோசியுங்கள். குளோரோக்ஸோடு வினிகரைக் கலந்துவிடாதீர்கள். கிளம்புவது விஷவாயு.

கரி அடுப்பை அறைக்குள் வைப்பது

கரி எரியும்போது கிளம்புகிற கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும் விஷவாயு, அதற்கு வாசனை கிடையாது. வைக்காதீர்கள்.

கூரை ஒழுகுகிறது என்று நினைப்பது

மழையே இல்லாத ஜனவரியில் விடியற்காலை போன் வரும். "அண்ணே, கூரை ஒழுகுது." மேலே ஏறிப் பார்த்தால் ஓட்டை இருக்காது. தெளிந்த இரவில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். இதற்குத் தார் வாங்கி அப்பி என்ன பயன்? ஹார்ட்வேர் கடையில் சுருளாக விற்கும் வெள்ளித்தாள் மெத்தையைத் தகரத்துக்குக் கீழே, படுக்கிற அறைக்கு மட்டுமாவது விரிக்கச் சொல்லுங்கள். காசில்லையென்றால் ஒட்டுப்பலகை மச்சு. வீடு தோட்டத்துடையது என்றால் முதலில் கேட்டுவிட்டு ஆணி அடியுங்கள்.

மேலே மூன்று கம்பளி, கீழே ஒன்றுமில்லை

சிமெண்ட் தரையில் மெத்தையைப் போட்டுவிட்டு மேலே கம்பளியை அடுக்குகிறார்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெத்தையின் அடியும் வியர்க்கும். கடைகளில் தூக்கிப்போடுகிற சரக்குப் பலகை (பேலட்) இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் மெத்தையை வையுங்கள். வாரத்துக்கு ஒருநாள் மெத்தையை நிமிர்த்தி வைத்தால் இன்னும் நல்லது.

பெரிய ஜாக்கெட் ஒன்று

வேண்டாம். பண்டல் கடையில், அதாவது பழைய துணி விற்கிற கடையில், மெல்லிய கம்பளிச் சட்டை இரண்டு வாங்குங்கள். கொதிநீரில் அலசிப் போடுங்கள், சுருங்குகிற ஜாதி இல்லையென்றால்.

அந்தச் சுங்கை சிப்புட் தம்பிக்கு இதையெல்லாம் நாற்காலிக்குக் கீழே நின்றே சொன்னேன். பாதி நம்பினார். சரி என்று மூடிகளைக் கழற்றிக் கொடுத்தார். அவற்றைத் தரையில் பரப்பி, மேலே பலகை அடித்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கத் திண்ணை மாதிரி ஒன்று செய்துகொடுத்தேன். கூலி வாங்கவில்லை, தே மட்டும் குடித்தேன்.

கிளம்பும்போது பார்த்தால் குளியலறை ஜன்னலில் மட்டும் ஒரு மூடி அப்படியே இருந்தது.

"அது மட்டும் இருக்கட்டும் அங்கிள், குளிக்கும்போது ரொம்பக் குளிருது."

நாற்காலியை மறுபடி இழுத்துப்போட்டேன்.