கம்புட் காட்டுல எண்ணெய மிதிக்காதீங்க

மலேசியா பகாங்ல பெக்கான், நெனாசி பக்கம் சதுப்புக் காட்டு மண் ரோட்டுல ஃபோர் வீல் டிரைவ் வண்டில போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், செம்பனை தோட்டத்து செம்மண் சேத்துல ஓட்டிப் பழகினவங்கதான் இங்க முதல்ல மாட்டுவாங்க, நானும் அப்படித்தான் மாட்டினேன். அங்க எண்ணெய மிதிச்சா, அதாவது ஆக்ஸிலரேட்டர அமுக்குனா, டயர் சேத்தை உதறிட்டு கீழ கெட்டி மண்ணைப் பிடிச்சுக்கும். இங்க கீழ கெட்டி மண்ணே கிடையாது. மலாய்ல 'தானா கம்புட்'னு சொல்ற இந்த மண்ணுன்னா பாதி மக்குன இலை, கட்டை, வேர் எல்லாம் தண்ணில ஊறி மீட்டர் கணக்குல கிடக்குறது. மேல வேர் பின்னி பாய் மாதிரி விரிஞ்சிருக்கும், அந்தப் பாய்தான் வண்டிய தாங்குது. டயர் ஒரே இடத்துல சுத்துனா பாய் கிழியும், அப்புறம் ஆக்ஸில் வரைக்கும் கீழதான்.

அதனால லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்குற கியர் செட்), செகண்ட் கியர், ஒரே சீரா மெதுவா போங்க. முன்னாடி நகரலையா, உடனே காலை எடுங்க, வந்த தடத்துலயே ரிவர்ஸ். டயர் காத்து 32 பிஎஸ்ஐ இருந்தா 18க்கு இறக்குங்க, 15க்கு கீழ போனா டயர் ரிம்ம விட்டு கழண்டுக்கலாம், திரும்ப அடிக்க கம்ப்ரஸர் வேணும். மத்தவங்க தோண்டிட்டுப் போன பள்ளத்துல இறங்காதீங்க, அதுக்குன்னு ரொம்ப ஓரமும் போகாதீங்க, கால்வாய்க்கரை பொலபொலன்னு சரியும்.

தண்ணி கோப்பி ஓ, அதாவது பால் ஊத்தாத காப்பி கலர்ல இருக்கும், ஆழம் தெரியாது. இறங்கி கம்பால குத்திப் பாருங்க. கட்டைப் பாலம்னா ஒரு ஆள் நடந்து பாத்துட்டு அப்புறம் வண்டி.

வின்ச்ச (கேபிளைச் சுத்தி வண்டிய இழுக்குற மெஷின்) நம்பி தனியா போகாதீங்க. இந்த மரங்களுக்கு வேர் ஆழமில்ல, நான் கட்டி இழுத்தப்ப வண்டி அசையல, மரந்தான் சாஞ்சு வந்துச்சு! ரெண்டு மூணு மரத்தை ஸ்ட்ராப்பால சேத்துக் கட்டி அடிமரத்துல இழுங்க, கேபிள் மேல ஈரச் சாக்கு போடுங்க. ரெண்டாவது வண்டி இருந்தா இந்தப் பாடே வேணாம்.

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அந்தப் பக்கம் மழைக்காலம், விட்ருங்க. காஞ்ச மாசத்துல நெருப்பு மூட்டாதீங்க, இந்த மண்ணே எரியும், அணைச்சாலும் அடியில புகைஞ்சுக்கிட்டே இருக்கும். ரிசர்வ் காடுன்னா வன இலாகா பெர்மிட் முன்னாடியே எடுத்துக்குங்க.

வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கம் நல்லா கழுவுங்க, அந்தத் தண்ணி ஆசிட் மாதிரி. ஓடிச் சூடான டிஃப் (ஆக்ஸில் நடுவுல இருக்குற கியர் பெட்டி) தண்ணில இறங்குனதும் உள்ள காத்து சுருங்கி பிரீதர்ங்கிற காத்துக் குழாய் வழியா தண்ணிய உறிஞ்சிரும். டிஃப் எண்ணெய் தே தாரேக், அதாவது பால் டீ கலர்ல வந்தா அன்னிக்கே மாத்திடுங்க.