பிஆர்என் ஃபைலைப் பிறகு பிரிண்ட் எடுப்பது எப்படி?

பிரிண்ட் பெட்டியில் 'பிரிண்ட் டு ஃபைல்' என்ற கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுத்தால் காகிதம் வராது. பெயர் கேட்கும், கொடுத்த பெயரோடு.பிஆர்என் என்ற வால் ஒட்டிய ஒரு ஃபைல் சேமிக்கப்படும். பிரிண்டர் இல்லாத கம்ப்யூட்டரில் வேலையை முடித்துவிட்டு, பிரிண்டர் இருக்கும் இடத்துக்குப் பென்டிரைவில் எடுத்துப்போக இது நல்ல வழி. எடுத்துப்போன பிறகுதான் பலர் திகைத்து நிற்கிறார்கள். டபுள் கிளிக் செய்தால் எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது. நோட்பேடில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் புரியாத குறியீடுகள் பக்கம் பக்கமாகக் கொட்டுகின்றன. அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள். பத்துப் பக்க ஆவணத்துக்கு நூற்றுக்கணக்கான தாள்கள் வீணாகலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பிஆர்என் ஃபைல் ஓர் ஆவணம் அல்ல. உங்கள் கடிதத்தையோ பட்டியலையோ பிரிண்டர் டிரைவர் ஏற்கெனவே பிரிண்டரின் மொழிக்கு மாற்றிவிட்டது. கேபிள் வழியாகப் போயிருக்க வேண்டிய அந்தக் கட்டளைகள் அப்படியே ஃபைலில் கிடக்கின்றன. லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் அந்த மொழி பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட்; டாட் மேட்ரிக்ஸ் வகையில் பெரும்பாலும் இஎஸ்சி/பி. விலை குறைந்த பல மாடல்களில் கம்ப்யூட்டரே பக்கத்தைப் படமாக வரைந்து, அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் அனுப்பும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, எந்த பிரிண்டரின் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ஃபைலை உருவாக்கினீர்களோ, அதே மாடலில்தான் அது ஒழுங்காக வரும் என்று நம்பலாம். இரண்டு, தாள் அளவு, பிரதிகளின் எண்ணிக்கை, இருபக்க அச்சு எல்லாம் அப்போதே உறைந்துவிட்டன. 'மூன்றாம் பக்கம் மட்டும் போதும்' என்று பிறகு மனம் மாறினால் வழியில்லை. மூல ஆவணத்தையும் அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

ஃபைலை உருவாக்கும்போதே கவனிக்க வேண்டியது

இந்தக் கம்ப்யூட்டரில் அந்த பிரிண்டர் இல்லாவிட்டாலும் அதன் டிரைவரைப் போட்டுக்கொள்ள முடியும். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிய பிரிண்டரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்றதும், கையால் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் கேட்கும் இடத்தில் 'ஃபைல்: பிரிண்ட் டு ஃபைல்' என்பதைக் கொடுத்து, அடுத்த திரையில் நிறுவனத்தையும் மாடலையும் குறிப்பிடுங்கள். பட்டியலில் மாடல் இல்லையென்றால் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். இனி இந்த பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும், டிக் செய்யாமலே, ஃபைல் பெயர் கேட்கும்.

பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமாக வையுங்கள். பிறகு டைப் செய்யப்போவது நீங்கள்தான்.

பிரிண்டர் இருக்கும் கம்ப்யூட்டரில்: முதலில் ஷேர் செய்யுங்கள்

பழைய இணைப் போர்ட் பிரிண்டருக்கு எல்பிடி1 என்ற பெயரே முகவரி. ஃபைலை நேராக அங்கே அனுப்பிவிடலாம். யுஎஸ்பி பிரிண்டருக்கு அந்த வசதி இல்லை. ப்ராப்பர்ட்டீஸில் யுஎஸ்பி001 என்று ஒரு போர்ட் தெரியும், ஆனால் காப்பி கட்டளைக்கு அதை அணுகத் தெரியாது. அதனால் பிரிண்டருக்கு ஒரு ஷேர் பெயர் கொடுத்து, அந்தப் பெயர் வழியாகப் போகிறோம். வேறு கம்ப்யூட்டர் எதுவும் இணைந்திருக்க வேண்டியதில்லை.

பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸில் உங்கள் பிரிண்டரைத் திறந்து, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங் தாவல். 'ஷேர் திஸ் பிரிண்டர்' என்பதை டிக் செய்து, ஷேர் பெயர் இடத்தில் தானாக வந்திருக்கும் நீளமான பெயரை அழித்துவிட்டு, லேசர் என்பதுபோல ஒரே சொல்லை ஆங்கிலத்தில் கொடுங்கள். ஓகே.

கட்டளை

ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறங்கள். கீழே உள்ள வரியில் சொற்களின் ஒலிப்பைத் தமிழில் காட்டியிருக்கிறோம். டைப் செய்வது ஆங்கில எழுத்துகளில்.

காப்பி /பி "டி:\லெட்டர்.பிஆர்என்" "\\லோக்கல்ஹோஸ்ட்\லேசர்"

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காப்பி என்பது நகலெடு என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லேதான். இடைவெளி விட்டு ஒரு முன்சாய்வுக் கோடு, அதை ஒட்டி பைனரி என்ற சொல்லின் முதல் எழுத்து. பிரிண்டரின் முதல் எழுத்தைப் போட்டுவிடாதீர்கள். அடுத்து மேற்கோள் குறிக்குள் ஃபைலின் முழு முகவரி. ஃபைலை எக்ஸ்ப்ளோரரிலிருந்து இழுத்து இந்தக் கறுப்புத் திரையில் விட்டால் முகவரி தானாக வந்து விழும்; அதுவே பிழையில்லாத வழி. கடைசியாக, இரண்டு பின்சாய்வுக் கோடு, லோக்கல்ஹோஸ்ட் (இந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும் பெயர்), ஒரு பின்சாய்வுக் கோடு, நீங்கள் வைத்த ஷேர் பெயர்.

என்டர் தட்டினால் ஒரு ஃபைல் காப்பி ஆனதாக ஒரு வரி வரும், பிரிண்டர் ஓடத் தொடங்கும். ஃபைல் பிரிண்டர் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே அந்த வரியின் பொருள். பிரிண்டருக்கு அது புரிந்ததா என்பதைத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த /பி எதற்கு? எழுத்து முறையில் நகலெடுக்கும்போது, 26 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டால் 'இத்தோடு முடிந்தது' என்று காப்பி கட்டளை நிறுத்திக்கொள்ளும். பிரிண்டர் தரவில் அந்த மதிப்பு எங்கு வேண்டுமானாலும் வரும். படம் உள்ள பக்கமென்றால் பெரும்பாலும் வரும். நிறுத்தினால் பாதிப் பக்கம் வரும், அல்லது பிரிண்டர் மீதித் தரவுக்காக விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். /பி இருந்தால் ஒரு பைட்டையும் தொடாமல் கடைசிவரை அனுப்பும்.

வேலை செய்யவில்லையா?

விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் செய்து டெர்மினலைத் திறந்தால் பெரும்பாலும் பவர்ஷெல் என்ற வேறொரு கட்டளைச் சாளரம்தான் வரும். அங்கே காப்பி என்பது வேறொரு கட்டளையின் மாற்றுப்பெயர். /பி-யை ஏற்காமல் சிவப்பில் பிழை காட்டும். வரியின் தொடக்கத்தில் பிஎஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிஎம்டி என்று தட்டி என்டர் கொடுங்கள். அதே சாளரத்திலேயே கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு மாறிவிடும்.

ஃபைல் காப்பி ஆனதாக வரி வருகிறது, பிரிண்டர் அசையவே இல்லை என்றால், நீங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். லேசர் என்ற பெயரில் வால் இல்லாத ஒரு ஃபைல் புதிதாக இருக்கும். பின்சாய்வுக் கோடுகளையும் லோக்கல்ஹோஸ்டையும் விட்டுவிட்டு வெறும் ஷேர் பெயரை மட்டும் கொடுத்ததால், அந்தப் பெயரில் நகலெடுத்துவிட்டது. அதை அழித்துவிட்டு முழு முகவரியோடு மீண்டும் அனுப்புங்கள்.

நெட்வொர்க் பெயர் கிடைக்கவில்லை என்று வந்தால் ஷேர் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது ஷேரிங் டிக் போடப்படவில்லை. இரண்டும் சரியென்றால் லோக்கல்ஹோஸ்ட் இருக்கும் இடத்தில் 127.0.0.1 போட்டுப் பாருங்கள். அதுவும் உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும்.

தாள் வருகிறது, ஆனால் முழுக்கக் குறியீடுகள். இது மொழிப் பொருத்தமின்மை. பிரிண்டரை ஆஃப் செய்து, வரிசையில் இருக்கும் வேலையை நீக்குங்கள். பிறகு ஃபைலின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். %!பிஎஸ் என்று தொடங்கினால் போஸ்ட்ஸ்கிரிப்ட். @பிஜேஎல் என்று தெரிந்தால், சற்றுக் கீழே 'என்டர் லாங்குவேஜ்' என்ற வரி எந்த மொழி என்று சொல்லிவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் பிடிஎஃப் ஆக மாற்றித் தரும்; பிசிஎல் என்றால் அதன் உறவான கோஸ்ட்பிசிஎல். நிறுவனத்துக்கே உரிய வடிவமென்றால் மூல ஆவணத்துக்குத் திரும்புவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் எழுத்துகள் %பிடிஎஃப் என்று இருந்தால் கவலையே இல்லை. பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தேர்வாகியிருந்த நிலையில் ஃபைல் உருவாகியிருக்கிறது. வாலை .பிடிஎஃப் என்று மாற்றுங்கள். சாதாரணமாகத் திறந்து எந்த பிரிண்டரிலும் எடுக்கலாம்.

முதல் பக்கங்கள் சரியாக வந்து கடைசிப் பக்கம் மட்டும் பிரிண்டருக்குள் நின்றுபோனால் ஃபைல் அரைகுறையாக இருக்கலாம். பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கியதே பெரும்பாலும் காரணம். இரண்டு கம்ப்யூட்டரிலும் ப்ராப்பர்ட்டீஸில் பைட் கணக்கை ஒப்பிடுங்கள்; ஒரு எண் மாறினாலும் மீண்டும் நகலெடுங்கள். விளக்கு மினுக்கித் தாள் கேட்டால், ஃபைலில் லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவு உறைந்திருக்க, தட்டில் ஏ4 இருக்கலாம்.

லினக்ஸில்

எல்பிஸ்டாட் -பி என்று கொடுத்தால் பிரிண்டர்களின் பெயர்கள் வரும். இங்கே பிரிண்டரின் முதல் எழுத்துதான். பிறகு:

எல்பி -டி லேசர் -ஓ ரா லெட்டர்.பிஆர்என்

-டி என்பதில் வருவது டெஸ்டினேஷன் என்ற சொல்லின் முதல் எழுத்து; லேசர் இருக்கும் இடத்தில் உங்கள் பிரிண்டரின் பெயரைப் போடுங்கள். ரா (பதப்படுத்தாத என்ற பொருள்தரும் raw) என்ற சொல்தான் இங்கே முக்கியம். தரவில் கை வைக்காமல் அப்படியே அனுப்பு என்று அச்சு அமைப்புக்கு அது சொல்கிறது. விண்டோஸில் /பி செய்யும் வேலைக்கு இணையானது.

அடிக்கடி தேவைப்பட்டால்

விண்டோஸில் ஒவ்வொரு முறையும் டைப் செய்ய வேண்டாம். நோட்பேடில் இந்த இரண்டு வரிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள்:

காப்பி /பி "%~1" "\\லோக்கல்ஹோஸ்ட்\லேசர்"
பாஸ்

சேமிக்கும்போது வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' கொடுத்து, பெயரின் முடிவில் .பேட் என்று வையுங்கள்; வகையை மாற்றாவிட்டால் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது. டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால், பிஆர்என் ஃபைலை இழுத்து இதன்மேல் விட்டாலே போதும். %~1 என்ற இடத்தில் அந்த ஃபைலின் முகவரி போய் உட்காரும். இரண்டாவது வரி, இடைநிறுத்து என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் (pause); நீங்கள் ஒரு விசையைத் தட்டும்வரை சாளரத்தை மூடாமல் வைத்திருக்கும். பிழை ஏதாவது வந்தால் படித்துப் பார்க்க நேரம் கிடைக்கும்.