ஆயில் கூலரைக் குடைந்த கடல் தண்ணீர்

கடலோர ஆலை ஒன்றில் பராமரிப்பு வேலையில் இருந்தேன். ஒரு நாள் காலை பார்த்தால், இரவெல்லாம் நின்றிருந்த கம்ப்ரசரின் லூப் ஆயில் (உராய்வைக் குறைக்கும் எண்ணெய்) பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. அந்த எண்ணெயைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் கூலரில் டியூப் ஓட்டை. கடல் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.

டியூப்கள் 316எல் ஸ்டெயின்லெஸ். உப்பு அரிப்பைத் தடுக்க உதவும் மாலிப்டினம் இருக்கிறதே, தாங்கும் என்று நானும் நம்பியவன்தான். ஒன்றை நீளவாக்கில் அறுத்தோம். சேற்றைச் சுரண்டினால் மேற்பரப்பில் குண்டூசி முனை அளவு புள்ளி, உள்ளே சொத்தைப் பல் மாதிரி குடைவு. லிட்டருக்கு சுமார் 19 கிராம் குளோரைடு உள்ள தண்ணீரை ஷட்டவுனில் வாரக்கணக்கில் தேக்கி வைத்தது எங்கள் தப்பு.

சரி, டைட்டானியம் கிரேடு 2 என்று முடிவானது. விலையைக் கேட்டு கொள்முதல் பிரிவில் முகம் சுளித்தார்கள். 1.2 மி.மீ. சுவருக்குப் பதில் 0.7 மி.மீ. போதும் என்று கணக்குக் காட்டிய பிறகே கையெழுத்து விழுந்தது.

டியூபை மட்டும் மாற்றினால் வேறு வம்பு வரும். டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் தகடான பழைய நேவல் பிராஸ் (பித்தளை) டியூப் ஷீட்டை விட்டுவைத்தால், டைட்டானியத்தோடு சேர்ந்து அதுதான் அரிக்கப்படும். அதனால் ஷீட்டும் டைட்டானியம் கிளாட், அதாவது மேலே டைட்டானியம் படலம் பிணைத்தது. டியூப்களுக்குத் தண்ணீர் போய்வரும் வாட்டர் பாக்ஸுக்கு உள்ளே ரப்பர் லைனிங். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாக ஆனோடுகளைக் கழற்றிவிட்டோம். அவை இருந்தால் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம். மெல்லிய டியூப் அதிரும் என்பதால் டியூப்களை நடுவில் தாங்கும் பேஃபிள் தகடுகளின் இடைவெளியையும் குறைத்தோம்.

இப்போது கம்ப்ரசர் நின்றால் முதல் வேலை, கூலரை வடித்து நல்ல தண்ணீரில் அலசுவது.