சோம்பு மணக்கும் டொமினிக்கன் மரவள்ளி அரெபிட்டா

டொமினிக்கன் குடியரசில் மரவள்ளிக்கிழங்குக்குப் பெயர் யூக்கா. கொலம்பஸ் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த தாயீனோ மக்களின் சொல் அது. அவர்கள் கிழங்கைத் துருவிப் பிழிந்து கசாபே என்ற ரொட்டி சுட்டார்கள்; 2024-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் செய்யப்போகும் அரெபிட்டாவும், அதாவது எண்ணெயில் பொரிக்கும் சின்னத் தட்டை அடையும், துருவலில்தான் தொடங்குகிறது. ருசி மொத்தமும் அந்தத் துருவலில்தான் இருக்கிறது.

தேவையானவை: தோல் நீக்கிய கிழங்கு அரை கிலோ, முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, அனிஸ் விதை 1 தேக்கரண்டி, பொரிக்க எண்ணெய். அனிஸ் நம் சோம்பைவிடச் சின்னது, மணம் கிட்டத்தட்ட அதேதான். கிடைக்காவிட்டால் சோம்பே போடலாம்.

வேகவைத்துச் சாப்பிட விற்கும் கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். வெட்டும்போது கருங்கோடுகள் தெரிந்தால் வேண்டாம். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு, தோலில் அதிகம். அதனால் பழுப்புத் தோலோடு அடியில் உள்ள தடித்த தோலையும் சேர்த்து உரித்துவிடுங்கள். மாவைப் பச்சையாக ருசி பார்க்கவே கூடாது.

அடுத்து, துருவியின் மிகச் சின்னத் துளையில் துருவுங்கள். முதல் தடவை நான் பெரிய துளையில் துருவினேன்; வெளியே சிவந்துவிட்டது, உள்ளே நறுக் நறுக்கென்று வேகாமல் கிடந்தது. கை வலிக்கும்தான், ஆனாலும் மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைக்காதீர்கள், மாவு நீர்த்துவிடும். நடுவிலுள்ள நார் வந்ததும் நிறுத்தி, அதை எறிந்துவிடுங்கள்.

துருவலோடு மற்ற எல்லாவற்றையும் கலந்தால் மாவு தயார். கரண்டியில் எடுத்தால் சொட்டாமல் நிற்க வேண்டும். சொட்டினால் துணியில் கட்டி லேசாகப் பிழியுங்கள்.

அப்புறம் அகலமான வாணலியில் ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் காயவைத்து, ஒவ்வொரு கரண்டியாக விட்டு, பின்புறத்தால் தட்டையாக்குங்கள். தீ மிதமாகவே இருக்கட்டும். பக்கத்துக்கு 3, 4 நிமிடம். முதலில் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்: நடுவில் வெள்ளை மாவு தெரியாமல், கண்ணாடிபோல் பிசுபிசுவென்று இருந்தால் வெந்துவிட்டது.

அங்கே காலை உணவுக்கும் மாலைக் கொறிப்புக்கும் இதுதான். பொரித்த சீஸ், பொரித்த சலாமி (ஒருவகை இறைச்சி சாசேஜ்) பக்கத்தில் இருக்கும். ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும், எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு எண்ணெய் வையுங்கள்.