புதுக் கீர்த்தனைப் போட்டிக்கு அனுப்பும் முன்

தருமபுரியில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். இளைஞர்களுக்கான புதுக் கீர்த்தனைப் போட்டி என்றதும் பிள்ளைகள் முதலில் தேடுவது அபூர்வ ராகத்தைத்தான். வேண்டாம். 72 மேளகர்த்தாவும், அதாவது தாய் ராகங்களும், எங்கும் ஓடிவிடாது. மோகனத்தை எடு. மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம். தப்பினால் உடனே காதில் விழும்.

பொருள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு மாணவி, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை எழுதினாள். பல்லவி 'தகடூர்' என்று, எங்கள் தருமபுரியின் பழைய பெயரில், தொடங்கியது. அடுத்த பகுதியான அனுபல்லவிக்கு 'அதியமான்' வைத்திருந்தாள். எதுகை எங்கே? இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டாமா? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு 'பகலவன்' என்று பிடித்தாள். 'க' வந்து உட்கார்ந்தது.

அப்புறம் ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. கையால் போட்டுக்கொண்டே பாடிப் பார். நெடிலை நீட்டலாம், குறிலை இழுக்கக் கூடாது. 'பகல்' இழுபட்டால் 'பாகல்' ஆகிவிடும். பாகற்காய்க்கு எதற்கு மோகனம்? பல்லவிக்கு மூன்று சங்கதி போதும்; சங்கதி என்றால் அதே வரியை மெட்டில் சற்று மாற்றி மாற்றிப் பாடுவது. நான் முதன்முதலில் ஒன்பது வைத்தேன், கடைசிப் பகுதியான சரணத்துக்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஸ்வரத்தை மேல் வரியிலும் சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, கீழ் வரியிலும் எழுது. மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு மேலே புள்ளி, மந்திர ஸ்தாயி என்னும் கீழ் ஸ்தாயி ஸ்வரத்துக்குக் கீழே.

பதிவு செய்ய விடிகாலைதான் சரி. ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் தக்காளி வண்டிகளின் ஹாரன். மின்விசிறியை அணைத்துவிட்டு, தம்புராவைச் சன்னமாக வை. வயது வரம்பையும் கால அளவையும் இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்பு.