பார்க்ல இருக்கற பவுலிங் கிரீனை கவுன்சில் மூடப்போகுதா? இதை முதல்ல பண்ணுங்க

பவுலிங் கிரீன்னா லான் பவுல்ஸ்னு புல்லுல பந்தை உருட்டி ஆடற ஆட்டத்துக்கான புல்தரை. இங்கிலாந்துல உங்க ஏரியா பார்க் கேட்ல கவுன்சில், அதாவது உள்ளாட்சி, "ஆள் வரத்து கம்மி, செலவு ஜாஸ்தி, பவுலிங் கிரீனை மூடறோம்"னு நோட்டீஸ் பாத்தா உடனே பெட்டிஷன் போட ஓடாதீங்க, முடிவு ஆகற வரைக்கும் புல்லை யார் வெட்டறதுன்னு முதல்ல கேளுங்க. சீசன்ல அதை 5 மில்லிமீட்டர் கிட்ட ஒட்ட வெட்டணும், செப்டம்பர்ல ஆட்டம் முடிஞ்சதும் அடில சேர்ந்த காஞ்ச புல்லை சுரண்டி எடுத்து, ஓட்டை போட்டு, மண் தூவி, விதை போடணும். ரெண்டு வருஷம் சும்மா விட்டா போச்சு, அப்புறம் "பாருங்க யாருமே விளையாடல"ன்னு அவங்களே சொல்வாங்க.

அடுத்தது ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்க. கவுன்சில் பெரும்பாலும் கணக்குல எடுக்கறது கிளப் மெம்பரை மட்டும்தான். எங்க பார்க்ல ஒரு பாட்டி, வீட்டுக்காரர் போனப்புறம் செவ்வாய்க்கிழமை தவறாம வருவாங்க, பந்தையே தொட மாட்டாங்க, ஸ்கோர் போர்டுல நம்பர் மாத்தறது, எல்லாருக்கும் டீ ஊத்தறது, அவ்ளோதான், ஒரு வாரம் வரலன்னா யாராவது வீட்டுக்கு போய் கதவை தட்டுவாங்க. அவங்க எந்த கணக்குலயும் இல்ல. தேதி போட்டு இப்படி வர்றவங்களை எல்லாம் எழுதுங்க, நாளைக்கு ஃபார்ம்ல எழுத உங்க கைல இருக்கப்போறது இதுதான்.

எந்த ஃபார்ம்னா, 2011 லோக்கலிசம் சட்டத்துல "அசெட் ஆஃப் கம்யூனிட்டி வேல்யூ"ன்னு, ஊர் மக்களுக்கு முக்கியமான இடங்களோட லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல சேக்கச் சொல்லி கொடுக்கற ஃபார்ம். பதிவு பண்ண சங்கம்லாம் வேணாம், உள்ளூர் வோட்டர் லிஸ்ட்ல இருக்கற 21 பேர் சேர்ந்த குழு போதும். 8 வாரத்துல கவுன்சில் முடிவு சொல்லணும், லிஸ்ட்ல ஏறினா 5 வருஷம் இருக்கும். விக்க வந்தா, நாங்களும் வாங்க கேக்கறோம்னு சொல்ல 6 வாரம், சொல்லிட்டா மொத்தம் 6 மாசம் டைம். ஆனா இங்கதான் நிறைய பேர் ஏமாறாங்க, இது மூடறதை தடுக்காது, உங்களுக்கே விக்கணும்னும் கட்டாயம் இல்ல, டைம் மட்டும்தான் கிடைக்கும். லோக்கல் பேப்பரையும் பாத்துட்டே இருங்க, பொது திறந்தவெளியை விக்கறதுக்கு முன்னாடி 1972 சட்டப்படி அடுத்தடுத்து 2 வாரம் அதுல விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேக்கணும்.

கிளப்பே லீஸுக்கு எடுத்து நடத்துங்கன்னு கவுன்சில் சொன்னா நல்லதுதான், ஆனா தண்ணி பில், இன்சூரன்ஸ், பெவிலியன் கூரை ஒழுகினா யார் பொறுப்பு, இதெல்லாம் எழுத்துல வராம கையெழுத்து போடாதீங்க.

ஆள் சேக்க ஒரு ஞாயித்துக்கிழமை ஓப்பன் டே வைங்க. நம்மாளுங்ககிட்ட 2022 காமன்வெல்த்ல இந்தியப் பொண்ணுங்க நாலு பேர் லான் பவுல்ஸ்ல தங்கம் அடிச்சதே இங்கிலாந்துல லெமிங்டன் ஸ்பாங்கற ஊர்ல ஒரு பார்க்லதான்னு சொல்லுங்க, பாதி பேருக்கு தெரியாது. தட்டை செருப்பு, ஷூ போட்டு வரச்சொல்லுங்க, ஹீல்ஸ் புல்லை குத்திரும். அந்த பந்து நேரா உருளாது, ஒரு பக்கமா வளையற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, அதனால முதல் தடவை போடறவங்க பந்து பக்கத்து ஆட்டத்துக்குள்ள போய் நிக்கும், அங்க இருக்கற தாத்தா அதை எடுத்துட்டு வந்து எப்படி பிடிக்கணும்னு காட்டுவாரு, பாதி பேர் அங்கயே மெம்பர் ஆயிடுவாங்க.