மொட்டைமாடியிலிருந்து திருவாதிரையின் வெளிச்சத்தை அளப்பது எப்படி?

வானியல் ஆர்வம் வந்தவுடன் "எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: அந்தப் பணம் பத்திரமாக இருக்கட்டும், முதலில் ஒரு விண்மீனை அளந்து பாருங்கள். கண், நோட்டு, பென்சில் போதும்.

எந்த விண்மீன்? திருவாதிரை. அயல்நாட்டார் பெட்டல்ஜூஸ் என்பார்கள். அது ஒளி மாறும் விண்மீன். அதன் பொலிவெண் (வெளிச்சத்தைக் குறிக்கும் எண்; கூடினால் மங்கல்) வழக்கமாக 0.5 வாக்கில் இருக்கும். 2019 கடைசியில் வெளிச்சம் சரியத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் அந்த எண் 1.6 வரை போய்விட்டது. வெடிக்கப் போகிறது என்று கூடப் பேச்சு எழுந்தது. வெடிக்கவில்லை. விண்மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தில் ஒரு பகுதியை மறைத்திருந்தது என்று பிறகு கண்டார்கள். இவ்வளவு பிரகாசமான விண்மீனைப் பெரிய டெலஸ்கோப்பின் கேமராவில் பிடித்தால் படம் வெளிறிவிடும். ஆகவே, வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்து வைப்பவர்களுக்கு இன்றும் இங்கே வேலை இருக்கிறது.

பொலிவெண் என்பது தலைகீழ்க் கணக்கு: எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம். ஒன்று கூடினால் வெளிச்சம் சுமார் இரண்டரை மடங்கு குறையும். ஐந்து கூடினால் நூறு மடங்கு. 1856இல் இந்தக் கணக்கை வகுத்த நார்மன் போக்சன், 1861இல் நம் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கே தலைவராக வந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் அங்கிருந்தே ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார்.

இனி மாடிக்குப் போகலாம்.

படி 1: நேரம். திருவாதிரை ஜனவரி நடுவில் இரவு பத்தரைக்கும், பிப்ரவரி நடுவில் எட்டரைக்கும் ஏறக்குறைய தலைக்கு மேல் வரும். உச்சியில் இருக்கும்போது காற்று மண்டலம் தின்னும் வெளிச்சம் மிகக் குறைவு. மார்கழித் திருவாதிரை அன்று மட்டும் வேண்டாம். முழுநிலா அதன் பக்கத்திலேயே நிற்கும். ஆருத்ரா தரிசனம் பாருங்கள், களி சாப்பிடுங்கள், அளவெடுப்பதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: கண்ணைப் பழக்குதல். இருட்டில் இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். நடுவில் ஒரு முறை வாட்ஸ்அப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நோட்டில் எழுத, டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: ஆளைக் கண்டுபிடித்தல். தெற்குப் பார்த்து நின்று அண்ணாந்தால், வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றுக்கு மேலே இடப்பக்கம் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. மேலே வலப்பக்கம் பெல்லாட்ரிக்ஸ் (1.6). பெல்லாட்ரிக்ஸிலிருந்து திருவாதிரைக்கு ஒரு கோடு போட்டு அப்படியே இடப்பக்கம் நீட்டினால் புரோசியான் (0.4) பக்கத்தில் போய் நிற்கும். மூன்று விண்மீன் வரிசையை வலப்பக்கம் மேலே நீட்டினால் ரோகிணி (0.9). அந்த வட்டாரத்தில் சில வருடங்களில் வியாழனோ செவ்வாயோ வந்து உட்கார்ந்திருக்கும். மின்னாமல் நின்று ஒளிர்ந்தால் அது கோள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 4: ஒப்பிடுதல். வேலையின் உயிரே இதுதான். திருவாதிரையை ஒரு நொடி, புரோசியானை ஒரு நொடி, மறுபடி திருவாதிரை, பிறகு ரோகிணி என்று பார்வையை மாற்றிக்கொண்டே இருங்கள். முறைத்துப் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் நான் ஒரு நிமிடம் வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு 0.2 என்று எழுதினேன். மறுநாள் ஓரக்கண் பார்வையில் 0.6! விண்மீன் மாறவில்லை. சிவந்த விண்மீனைப் பார்க்கப் பார்க்க, அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோலக் கண் ஏமாற்றும். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதால் கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கழற்றிவிட்டுப் பாருங்கள். புள்ளிகள் பஞ்சுபோல விரிந்து, நிறத்தின் உறுத்தல் கொஞ்சம் அடங்கும்.

படி 5: எண்ணாக்குதல். புரோசியானுக்கும் ரோகிணிக்கும் இடையே உள்ள வித்தியாசம் 0.5. அதை மனதுக்குள் ஐந்து படிகளாகப் பிரியுங்கள். திருவாதிரை புரோசியானைவிட இரண்டு படி மங்கலா? அப்படியானால் 0.4 + 0.2 = 0.6. ரோகிணியைவிட மங்கலாகத் தெரிந்தால் ரோகிணி, பெல்லாட்ரிக்ஸ் இரண்டையும் வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

படி 6: எழுதுதல். தேதி, நேரம், மதிப்பு, ஒப்பிட்ட விண்மீன்கள், வானம் எப்படி இருந்தது, அவ்வளவுதான். நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரமாக எழுதினால் (இரவு 8.30 என்றால் 15.00) பிறர் அளவோடு சேர்த்துப் பார்க்கலாம். 1911 முதல் இப்படிப்பட்ட அளவுகளைத் திரட்டிவரும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு உலகில் எங்கிருந்தும் அனுப்பலாம். முக்கியமாக, போன வாரம் எழுதியதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போகாதீர்கள்; கை தானாகவே அதே எண்ணை எழுதும்.

வாரம் ஒரு அளவு போதும். ஒரு சுற்று ஏறி இறங்கச் சுமார் நானூறு நாள் ஆகும் என்பதால் ஒரு பருவத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை சூரிய வெளிச்சத்தில் திருவாதிரை மறைந்துவிடும், நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும். செப்டம்பர் நடுவில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மாடிக்கு வந்தால் மறுபடி உயரத்தில் நிற்கும்.